புதிய கடல்மீனுக்குத் தனித்தொட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் புது மீன் வாங்கும்போது கேட்கிற கேள்விகளை இங்கே திரட்டியிருக்கிறேன். பவளம், இறால், நத்தை எல்லாம் குடியிருக்கும் தொட்டியைப் ‘பெரிய தொட்டி’ என்றும், புது மீனை முதலில் விடுகிற சிறு தொட்டியைத் ‘தனித்தொட்டி’ என்றும் குறிப்பிடுகிறேன். கடைக்காரர்கள் குவாரன்டைன் தொட்டி என்பது இதைத்தான். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கடலில் பிடித்த எந்த மீனும் காப்பரையும் (ஒட்டுண்ணியைக் கொல்லும் தாமிர மருந்து) புழு மருந்தையும் பார்க்காமல் பெரிய தொட்டிக்குள் நுழையக்கூடாது. இதற்கு மாற்றுக் கருத்து உள்ளவர்கள் உண்டு. அவர்கள் தரப்பையும் கீழே சொல்லியிருக்கிறேன்.

கடையில் இரண்டு வாரமாக நன்றாக நீந்திய மீனைத்தானே வாங்கினேன்? மறுபடி எதற்குத் தனியே வைக்க வேண்டும்?

கடைகளில் பெரும்பாலும் வரிசையாக இருக்கும் எல்லாத் தொட்டிகளுக்கும் கீழே ஒரே சம்ப் தான், அதாவது நீர் வந்து சேர்ந்து வடிகட்டப்பட்டுத் திரும்பும் அடித்தொட்டி. ஒரு தொட்டியின் நீர் அத்தனை தொட்டிகளையும் சுற்றி வருகிறது. நீங்கள் பார்த்த மீன் இரண்டு வாரம் நலமாக இருந்திருக்கலாம். நேற்று வந்திறங்கிய பெட்டியிலிருந்த மீன்களின் நீரும் அதே குழாயில்தான் ஓடுகிறது.

இன்னொரு சங்கதியும் உண்டு. பல கடைகள் மீன் தொட்டிகளில் எப்போதும் கொஞ்சம் காப்பர் வைத்திருக்கும். நோயைக் கொல்லும் அளவுக்கு அல்ல, அடக்கி வைக்கும் அளவுக்கு. அந்த நீரில் மீன் சுத்தமாகத் தெரியும். உங்கள் வீட்டுக்கு வந்ததும் காப்பர் இல்லாத நீர். சில நாட்களில் புள்ளிகள் எழும்பும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, அவர் தொட்டியில் மீன் நன்றாகத்தான் இருந்தது.

அதற்கு முன்னால் அந்த மீன் வந்த வழியையும் நினைத்துப் பாருங்கள். இந்தோனேசியாவிலோ இலங்கையிலோ மன்னார் வளைகுடாக் கரையிலோ பிடிபட்டு, சேகரிப்பவரின் தொட்டி, ஏற்றுமதியாளரின் தொட்டி, விமானம், மொத்த வியாபாரி, சில்லறைக் கடை என்று கைமாறி வந்திருக்கும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் புது நீர், புது அண்டை வீட்டார். வழி நெடுக உணவும் சரியாகக் கிடைத்திருக்காது.

நன்னீர் மீன் வளர்த்தபோது இதெல்லாம் செய்ததில்லையே?

நன்னீரில் வெண்புள்ளி வந்தால் ஹீட்டரை ஏற்றி, உப்பைப் போட்டு, அதே தொட்டியிலேயே சமாளித்துவிடலாம். கடல்நீரில் வரும் வெண்புள்ளி வேறு உயிரி. வெப்பத்தை ஏற்றினால் அது சாகாது, வேகமாகப் பெருகும். அதைக் கொல்லும் மருந்துகளோ பவளத்தையும் இறாலையும் நத்தையையும் சேர்த்தே கொல்லும். அதனால் பெரிய தொட்டியில் கைவைக்க முடியாது. மீனை வெளியே எடுத்துத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும். பாறை இடுக்குகளுக்குள் ஓடி ஒளியும் மீனைப் பிடிக்க முயன்றவர்களுக்கு, முதலிலேயே தனியே வைத்திருக்கலாமே என்ற ஞானம் அன்றே வந்துவிடும்.

புள்ளிகள் வந்தன, நான்கு நாளில் தானாகவே போய்விட்டன. மீன் குணமாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. இந்த ஒரு மயக்கத்தால் போன தொட்டிகள் அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடல் வெண்புள்ளியை உண்டாக்கும் ஒட்டுண்ணியின் பெயர் கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ். அது மீனின் தோலுக்கும் செவுளுக்கும் உள்ளே புகுந்து, சதையைத் தின்று வளரும். நாம் பார்க்கும் வெள்ளைப் புள்ளி அந்த நிலை. மூன்று முதல் ஏழு நாள் வரை மீன்மேல் இருக்கும். வயிறு நிறைந்ததும் தானாக மீனை விட்டு உதிரும், பெரும்பாலும் இருட்டு வேளையில். காலையில் பார்த்தால் மீன் பளிச்சென்று இருக்கும். உதிர்ந்தது மணலிலோ பாறையிலோ கண்ணாடியிலோ ஒட்டி, தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொள்ளும். கூட்டுக்குள் பிரிந்து பிரிந்து, ஒன்று இருநூறுக்கு மேலாகப் பெருகும். மூன்று நாளில் கூடு வெடிக்கலாம், நான்கு வாரமும் ஆகலாம். 72 நாள் கழித்து வெடித்த கூடுகளும் பதிவாகியிருக்கின்றன. வெளியே வரும் குஞ்சுகள் ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் செத்துவிடும். தொட்டி என்பது மூடிய இடம், மீன் எங்கே போய்விடும்? கடலில் ஆயிரத்தில் ஒன்றுக்குக் கிடைக்கும் வாய்ப்பு இங்கே எல்லாவற்றுக்கும் கிடைக்கிறது.

ஆக, புள்ளி மறைந்தது நோய் மறைந்ததற்கு அடையாளம் அல்ல. அடுத்த சுற்று பத்து மடங்காக வரும். இன்னொன்று: புள்ளியே தெரியாமல் செவுளுக்குள் மட்டும் ஒட்டுண்ணி இருக்கலாம். தோலில் ஒன்றும் இல்லை, ஆனால் மீன் வேகமாக மூச்சு வாங்குகிறது என்றால் சந்தேகப்படுங்கள்.

மருந்துகள் மீன்மேல் இருக்கும் நிலையையோ கூட்டையோ ஒன்றும் செய்வதில்லை. கூட்டிலிருந்து வெளிவந்து நீந்தித் திரியும் அந்தக் குறுகிய நேரத்தில்தான் கொல்கின்றன. காப்பரை 30 நாள் வைக்கச் சொல்வதன் காரணம் இதுதான்.

வெல்வெட் என்று இன்னொன்றைச் சொல்கிறார்களே, வெண்புள்ளியிலிருந்து எப்படிப் பிரித்தறிவது?

வெண்புள்ளி ரவையைத் தூவியதுபோல, எண்ணிவிடலாம். வெல்வெட் மாவைப் பூசியதுபோல, எண்ண முடியாது. பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் மங்கிய பொன்னிறத் தூசு தெரியும். ஆனால் தூசு தெரியும் வரை காத்திருந்தால் பெரும்பாலும் நேரம் கடந்துவிட்டிருக்கும், ஏனென்றால் அமிலூடினியம் ஒசெல்லாட்டம் என்ற இந்த உயிரி முதலில் பிடிப்பது செவுளைத்தான்.

கவனிக்க வேண்டியது மீனின் நடத்தை. விளக்கைக் கண்டு ஒதுங்கும். நீரைத் தள்ளும் பம்பின் எதிரே போய் நின்று, ஓட்டத்துக்கு முகம் கொடுத்தபடியே நீந்தும். நேற்றுவரை பாய்ந்து தின்ற மீன் இன்று உணவைத் திரும்பிப் பார்க்காது. மூச்சு வேகத்தை எண்ணிப் பாருங்கள்: செவுள் மூடி நிமிடத்துக்கு நூறு முறைக்கு மேல் அடித்தால் மறுநாளைக்குத் தள்ளிப்போட வேண்டாம். ஒரு கூட்டிலிருந்து 256 குஞ்சுகள் வரை வெளிவரும், முழுச் சுற்றும் ஒரு வாரத்துக்குள் முடியும். வெண்புள்ளி தொட்டியைத் தளர்த்தும். வெல்வெட் சில நாட்களில் காலி செய்துவிடும். அதனால் வெல்வெட் என்று சந்தேகம் வந்தாலே மருந்தைத் தொடங்கிவிட வேண்டும்.

வெல்வெட் நீர்த்திவலைகளில் ஏறிக் காற்று வழியாகவும் பரவும் என்று சோதனையில் காட்டியிருக்கிறார்கள், சுமார் 3 மீட்டர் தூரம் வரை. ஏர் ஸ்டோன் குமிழிகள் வெடிக்கும்போது தெறிக்கிற துளியே போதும். ஆகவே தனித்தொட்டி பெரிய தொட்டியின் பக்கத்திலேயே இருக்கக்கூடாது. வேறு அறை நல்லது. இடமில்லை என்றால் குறைந்தது பத்தடி தள்ளி, மூடியோடு வையுங்கள்.

தனித்தொட்டிக்கு என்னென்ன வேண்டும்?

அதிகம் ஒன்றும் வேண்டாம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள வெறும் கண்ணாடித் தொட்டி சிறு மீன்களுக்குப் போதும். டாங், ஏஞ்சல் போன்று நீந்தித் திரியும் மீன்களுக்கு மூன்றடி. ஏர் பம்ப், ஸ்பாஞ்ச் ஃபில்டர், தெர்மோமீட்டர், உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர், அம்மோனியா சோதனைக் கிட், மூடி. ஒளிந்துகொள்ள நாலைந்து பி.வி.சி. குழாய் முழங்கைகள். பிளம்பிங் கடையில் கிடைக்கும் சாதாரணக் குழாயே போதும், பசை தடவாததாக இருக்க வேண்டும்.

மணல், லைவ் ராக் (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடல்பாறை), பவளத் துண்டு எதுவும் உள்ளே கூடாது. பார்க்க மொட்டையாகத்தான் இருக்கும். சுண்ணாம்புத் தன்மையுள்ள கல்லும் மணலும் காப்பரை உறிஞ்சிக்கொள்ளும். காலையில் போட்ட மருந்து மாலையில் பாதியாகியிருக்கும். நீங்கள் சரியாக அளந்தும் பயனிராது. ஃபில்டரில் போடும் ஆக்டிவேட்டட் கார்பனையும் (கரி) எடுத்துவிடுங்கள், அது மருந்தையெல்லாம் விழுங்கும்.

தொட்டியின் கொள்ளளவை நாடாவால் அளந்து கணக்குப் போடாதீர்கள். 2×1×1 அடி என்றால் கணக்கில் 56 லிட்டர் வரும். கண்ணாடித் தடிமனும் மேலே விடுகிற இடைவெளியும் போக உண்மையில் 48 லிட்டர் அளவில்தான் நிற்கும். அளவுக் குவளையால் லிட்டர் லிட்டராக ஊற்றி, நீர் நிற்கும் மட்டத்தில் வெளியே மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். இனி எல்லா மருந்துக் கணக்கும் அந்தக் கோட்டிலிருந்துதான். ஆவியாகிக் கோடு இறங்கினால் நன்னீர் மட்டும் சேருங்கள். நீர்தான் ஆவியாகும்; உப்பும் காப்பரும் உள்ளேயே இருக்கும். நீர் மாற்றும்போது அப்படி அல்ல. 10 லிட்டர் வெளியே போனால் அதிலிருந்த காப்பரும் போய்விட்டது. புதிதாக ஊற்றும் 10 லிட்டரிலும் அதே அளவு காப்பர் கலந்திருக்க வேண்டும்.

வீட்டு ஆர்.ஓ. நீரைப் பயன்படுத்தலாமா?

தனித்தொட்டிக்குப் பயன்படுத்தலாம். ஆனால் வடிகட்டியை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். இப்போது விற்கும் பல வீட்டு ஆர்.ஓ. கருவிகளில் உடல்நலத்துக்கு என்று சொல்லித் தாமிரம் கலக்கும் பகுதி இருக்கிறது. நமக்கு நல்லதோ இல்லையோ, பவளத்துக்கும் இறாலுக்கும் அது நஞ்சு. அந்த நீரைப் பெரிய தொட்டிக்கு ஊற்றவே கூடாது. தனித்தொட்டியிலும் காப்பர் கணக்கைக் குழப்பும்.

பாக்டீரியா தயாராகாத புதுத் தொட்டியில் அம்மோனியா ஏறாதா?

ஏறும். தனித்தொட்டியில் செத்த மீன்களில் கணிசமானவை நோயால் சாகவில்லை, அம்மோனியாவால் செத்தவை. தனித்தொட்டியை வெறுப்பவர்கள் சொல்லும் முதல் காரணமும் இதுதான், அதில் நியாயம் இருக்கிறது.

மீன் வாங்குவதற்கு ஒரு மாதம் முன்பே ஒரு ஸ்பாஞ்சைப் பெரிய தொட்டியின் சம்பில் போட்டு வைத்திருங்கள். அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா அதில் குடியேறிவிடும். பெரிய தொட்டியில் ஏற்கெனவே நோய் இருந்தால் இந்த வழி வேண்டாம். பாட்டில் பாக்டீரியாவை வாங்கித் தனியே தயார் செய்யுங்கள். தினமும் அம்மோனியா அளந்து பாருங்கள். நன்னீரைவிடக் கடல்நீரின் பி.எச். அதிகம் என்பதால் அதே அளவு அம்மோனியா இங்கே கூடுதல் நஞ்சு. ஏறினால் நீரை மாற்றுங்கள். அம்மோனியாவைக் கட்டுப்படுத்தும் திரவங்களைக் காப்பர் இருக்கும் தொட்டியில் ஊற்றாதீர்கள். குறிப்பாகக் குப்ரமின் போன்ற காப்பர் மருந்தோடு அவை சேர்ந்தால் காப்பர் மீனுக்கே நஞ்சான வடிவத்துக்கு மாறிவிடும்.

பையைத் திறந்து, சொட்டுச் சொட்டாக நீர் விட்டுப் பழக்கச் சொல்கிறார்களே?

உள்ளூர்க் கடையில் வாங்கி அரை மணியில் வீடு வந்துவிட்டால் எப்படிச் செய்தாலும் பாதகமில்லை. வெளியூரிலிருந்து பார்சலில் வந்த மீனுக்கு அது தீங்கு. பல மணி நேரம் மூடிய பைக்குள் மீன் விட்ட மூச்சால் கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும். அந்த நிலையில் அம்மோனியா ஓரளவு பாதிப்பற்ற வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பி.எச். ஏறுகிறது, அத்தனை அம்மோனியாவும் நஞ்சாகிறது. அந்த நீரிலேயே ஒரு மணி நேரம் சொட்டு விட்டுக்கொண்டிருப்பது மீனைச் சுடுநீரில் நிறுத்துவதற்குச் சமம்.

பை நீரின் உப்பளவு என்ன என்று கடைக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுத் தனித்தொட்டியை அந்த அளவிலேயே தயாராக வையுங்கள். பல கடைகள் 1.020 அளவில் (நன்னீரை 1 என்று வைத்த அடர்த்திக் கணக்கு) வைத்திருக்கும். மூடிய பையைப் பதினைந்து நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன்படுத்தி, திறந்தவுடன் மீனை மட்டும் எடுத்து உள்ளே விடுங்கள். பை நீர் சாக்கடைக்கு. பிறகு சில நாட்களில் மெல்ல 1.025க்கு ஏற்றிக்கொள்ளலாம்.

நோயே தெரியாத மீனுக்கும் மருந்து கொடுக்க வேண்டுமா? பார்த்துக்கொண்டே இருந்தால் போதாதா?

இதில்தான் இரண்டு கட்சி. ‘மருந்தும் ஒரு நஞ்சுதான், நான்கு முதல் ஆறு வாரம் கவனித்திருப்போம், அறிகுறி வந்தால் மட்டும் வைத்தியம்’ என்பது ஒன்று. அறிகுறி இல்லாவிட்டாலும் முழு மருந்துச் சுற்றும் கொடுத்துவிடு என்பது மற்றது.

முதல் கட்சியின் கவலை பொய்யல்ல. காப்பர் மீனின் பசியைக் குறைக்கும், எதிர்ப்புச் சக்தியைத் தளர்த்தும். ஆனாலும் நான் இரண்டாவது பக்கம். வலுவான மீன் ஒன்று செவுளில் நாலைந்து ஒட்டுண்ணிகளோடு ஆறு வாரமும் கம்பீரமாக நீந்தும். அதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பெரிய தொட்டிக்குப் போய், டாங் ஒன்று துரத்தத் தொடங்கிய பிறகு வெளிப்படும்.

விதிவிலக்கு ஒன்று தருகிறேன். குஞ்சுப் பொரிப்பகத்தில் வளர்த்த மீன், கடைத் தொட்டியைத் தொடாமல் நேராக உங்கள் கைக்கு வந்தால் கவனிப்பு மட்டும் போதும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையம் கோமாளி மீன்களையும் டாம்செல் மீன்களையும் இனப்பெருக்கம் செய்யும் முறைகளை உருவாக்கியிருக்கிறது. அவ்வாறு வளர்த்த மீன்கள் இங்கே கிடைக்கின்றன. ஆனால் அதே கோமாளி மீன் ஒரு வாரம் கடையில் கடலில் பிடித்த மீன்களோடு ஒரே நீரில் இருந்துவிட்டால் பொரிப்பகச் சலுகை ரத்து.

காப்பரை எப்படிக் கொடுப்பது?

கடையில் இரண்டு வகை கிடைக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள்தான் மீனைக் கொல்கிறார்கள். கட்டுண்ட (கீலேட்டட்) காப்பர் என்று சொல்லத்தக்க வகை, காப்பர் பவர் போன்றவை, லிட்டருக்கு 2 முதல் 2.5 மி.கி. வரை வைக்க வேண்டும். காப்பர் சல்பேட்டில் செய்த தனிக் காப்பர் லிட்டருக்கு 0.15 முதல் 0.2 மி.கி. மட்டும். பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். குப்ரமின் இரண்டுக்கும் நடுவே, 0.5 மி.கி. புட்டியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் அளவு. நண்பர் சொன்ன அளவு அவருடைய புட்டிக்கு உரியது. புதியவர்களுக்கு நான் கட்டுண்ட வகையையே சொல்வேன். அது நீரில் நிலையாக நிற்கும், சின்னப் பிசகைப் பொறுத்துக்கொள்ளும்.

நோய் தெரியாத மீனுக்கு நான்கைந்து நாளில் படிப்படியாக ஏற்றுங்கள். முதல் நாள் கால் பங்கு, மீன் தின்கிறதா என்று பார்த்து அடுத்த கால் பங்கு. வெல்வெட் தெரிந்துவிட்டால் இந்த நிதானம் செல்லாது, ஒன்றிரண்டு நாளில் முழு அளவை எட்டிவிட வேண்டும். எட்டிய நாள்தான் முதல் நாள். அங்கிருந்து 30 நாள் எண்ணுங்கள். நடுவில் அளவு ஒரு நாள் சரிந்தாலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

சரிந்ததா என்று எப்படித் தெரியும்? அளந்துதான். நிறத்தைப் பார்த்துச் சொல்லும் சொட்டுக் கிட்டில் 2க்கும் 2.5க்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். ஒரே குழாயைக் கணவன் ஒன்று சொல்ல மனைவி ஒன்று சொல்வார். ஹன்னா நிறுவனத்தின் உயர் அளவுக் காப்பர் செக்கர் எண்ணாகவே காட்டிவிடும். விலை கூடுதல்தான். ஒரு பவுடர் ப்ளூ டாங் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள். கண்ணாடிக் குப்பியின் வெளிப்புறத்தில் விரல் ரேகை பட்டாலே எண் மாறும். துணியால் துடைத்துவிட்டு வையுங்கள்.

மீன் முற்றிலும் உணவை நிறுத்தி, அடியில் கிடந்து மூச்சு வாங்கினால் நீர் மாற்றி அளவைக் குறையுங்கள். உயிருள்ள மீனுக்குத்தான் அடுத்த சுற்று உண்டு.

எல்லா மீனும் காப்பரைத் தாங்குமா?

இல்லை. சுறா, திருக்கை வகைகளுக்குக் கொடுக்கவே கூடாது. விலாங்கு, பேத்தை, மாண்டரின் போன்று செதிலற்ற அல்லது செதில் குறைந்த மீன்களுக்கு மிகவும் எச்சரிக்கை வேண்டும். மாண்டரினுக்குத் தடித்த சளிப்படலம் இருப்பதால் வெண்புள்ளி அவ்வளவாகப் பிடிப்பதில்லை. தனித்தொட்டியில் அதற்கு உள்ள ஆபத்து பட்டினிதான். பாறையில் ஊரும் சிற்றுயிரிகளை நாள் முழுக்கக் கொத்தித் தின்னும் மீன் அது. வெறும் தொட்டியில் அதற்குச் சாப்பாடு இல்லை.

காப்பர் முடிந்தால் எல்லாம் முடிந்ததா?

தட்டைப் புழுக்கள் பாக்கி. செவுளிலும் தோலிலும் கண்ணிலும் ஒட்டிக்கொண்டு இரத்தத்தையும் சளியையும் தின்னும். கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிவதால் மீன்மேல் இருப்பதே தெரியாது. மீன் குழாயில் உடம்பைத் தேய்க்கும், தலையை உதறும், கண் மங்கும். காப்பருக்கு இவை அசையாது. மருந்து பிராசிகுவான்டல், லிட்டருக்கு 2.5 மி.கி. நாம் முன்னே அளந்த 48 லிட்டருக்கு 120 மி.கி. எளிதில் கரையாது, சிறு பாட்டிலில் தொட்டி நீரோடு போட்டு நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள். காற்றுக் குமிழியைக் கூட்டிவையுங்கள், ஏனெனில் மருந்துக்குப் பின் பாக்டீரியா பெருகி நீர் கலங்கும், ஆக்சிஜன் குறையும்.

ஒரு முறை போதாது. சில புழுக்கள் முட்டையிடும். மருந்து முட்டையைத் தொடாது. ஏழாம் நாள் நீரை மாற்றி, பொரித்து வந்த குஞ்சுகளுக்காக இரண்டாம் முறை கொடுக்க வேண்டும்.

புழு இருக்கிறதா என்று கண்ணாலேயே பார்க்க ஒரு வழி உண்டு: நன்னீர் முக்குதல். குளோரின் இல்லாத நன்னீரை ஒரு கறுப்பு வாளியில் எடுத்து, தொட்டியின் வெப்பத்துக்குக் கொண்டுவந்து, சமையல் சோடாவால் பி.எச்.சைச் சமன்படுத்தி, அரை மணி ஏர் ஸ்டோன் ஓடவிட்டு, மீனை ஐந்து நிமிடம் விடுங்கள். ஊடுருவித் தெரிந்த புழுக்கள் நன்னீரில் வெள்ளையாகி, சில மில்லிமீட்டர் அளவில் வாளியின் அடியில் உதிர்ந்து கிடக்கும். கறுப்பு வாளி என்றது அதற்காகத்தான். சில டாங்குகள் செத்தவைபோலப் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். செவுள் அடித்துக்கொண்டிருக்கும் வரை பயப்பட வேண்டாம். நின்றாலோ தாறுமாறானாலோ உடனே எடுத்துவிடுங்கள்.

கோமாளி மீன் உடம்பில் சளி சளியாக உரிகிறது. காப்பர் போட்டும் கேட்கவில்லை.

ப்ரூக்லினெல்லா என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். கடலில் பிடித்த கோமாளி மீன்களுக்கு அடிக்கடி வரும், மற்ற மீன்களுக்கும் வரலாம். காப்பர் இதற்குப் பயன்படாது; நோய் இரண்டு மூன்று நாளில் மீனை முடித்துவிடும். ஃபார்மலின் குளியல்தான் நம்பகமான வைத்தியம்: 37 சதவீத ஃபார்மலின் 10 லிட்டர் கடல்நீருக்கு 1.5 மி.லி.க்கு மேல் போகாமல், பலமான காற்றோட்டத்துடன், 30 முதல் 45 நிமிடம். மீன் தவித்தால் முன்னதாகவே எடுத்துவிடுங்கள். குளியலுக்குப் பின் பழைய தொட்டிக்குத் திரும்பக்கூடாது, புதிதாகத் தயார் செய்த வேறு தொட்டிக்குப் போக வேண்டும்.

ஃபார்மலின் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள். கையுறை போட்டு, மொட்டை மாடியிலோ திறந்த வராந்தாவிலோ செய்யுங்கள், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். புட்டியின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

பச்சைக் க்ரோமிஸ் மீனின் விலாவில் சிவந்த புண்?

யூரோனீமா என்ற ஒட்டுண்ணியாக இருக்க வாய்ப்பு அதிகம். சதைக்குள்ளே புகுந்த பிறகு பெரும்பாலும் பிழைக்காது. கூட்டமாக வாங்கியிருந்தால் புண் தெரியும் மீனை அன்றே பிரித்துவிடுங்கள். வாங்கும்போதே சிவப்பு தெரியும் மீன் இருக்கிற தொட்டியிலிருந்து எதையும் எடுக்காதீர்கள்.

மருந்தே இல்லாமல் முடியாதா?

வெண்புள்ளிக்கு மட்டும் முடியும், இரண்டு வழிகளில். ஒன்று, உப்பளவை இரண்டு நாளில் படிப்படியாக 1.009க்கு இறக்கி, நான்கு வாரத்துக்கு மேல் அங்கேயே வைத்திருப்பது. 1.011 ஆனாலே பலன் போய்விடும், எனவே சரிபார்த்த ரிஃப்ராக்டோமீட்டர் அவசியம். திரும்ப ஏற்றுவதை ஒரு வாரத்துக்குப் பரப்புங்கள். இறக்கத்தைவிட ஏற்றத்தைத்தான் மீன் தாங்காது.

மற்றது, தொட்டி மாற்றும் முறை. 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மீனை முற்றிலும் காய்ந்த வேறு தொட்டிக்கு, புது நீரில், நான்கு முறை மாற்ற வேண்டும். மீனை விட்டு உதிர்ந்தவை கூடு வெடிப்பதற்குள் மீன் அங்கே இருக்காது. எனக்கு இந்த முறையின்மேல் மரியாதை உண்டு. ஆனால் அலுவலகம் போகிறவர் ஒரு மாற்றலைப் பன்னிரண்டு மணி நேரம் தள்ளிப்போட்டாலும் மொத்தமும் வீண்.

இரண்டுமே வெல்வெட்டுக்குச் செல்லாது. குறைந்த உப்பிலும் அது நிம்மதியாக வாழும்.

காப்பருக்குப் பதில் குளோரோகுயின் கொடுக்கலாமா?

நல்ல மருந்து, காப்பரைவிட மென்மையானது. லிட்டருக்கு 10 முதல் 15 மி.கி. ஆனால் நீரில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று வீட்டில் அளக்க வழியில்லை, சில ராஸ் மீன்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை. மருந்துக் கடை மாத்திரையில் மாவும் பூச்சும் சேர்ந்திருக்கும். சுத்தமான தூள் கிடைத்தால் யோசிக்கலாம்.

முன்னெச்சரிக்கையாக ஆன்டிபயாடிக்கும் சேர்த்துப் போடலாமா?

வேண்டாம். புண், துடுப்பு அழுகல், வீங்கிய கண் என்று பாக்டீரியா அறிகுறி தெரிந்தால், கால்நடை மருத்துவரையோ மீன்வளப் படிப்பு படித்தவரையோ கேட்டுப் போடுங்கள். சும்மா போட்டால் ஸ்பாஞ்சில் வளர்த்த நல்ல பாக்டீரியா செத்து, அம்மோனியாதான் ஏறும்.

பூண்டுச் சாறு, யு.வி. விளக்கு, க்ளீனர் இறால், ‘பவளத்துக்குப் பாதுகாப்பான’ மருந்து?

பூண்டு உணவுக்கு மணம் சேர்க்கும், அவ்வளவே. யு.வி. நீந்தும் ஒட்டுண்ணிகளில் ஒரு பகுதியைக் கொல்லும். துணைக்கு நல்லது, வைத்தியம் ஆகாது. க்ளீனர் இறால் தோலுக்குள்ளே புதைந்திருக்கும் வெண்புள்ளியைத் தோண்டி எடுப்பதில்லை. நான்காவதற்கு: பவளத்தை ஒன்றும் செய்யாத புட்டி மருந்துகள் பெரும்பாலும் ஒட்டுண்ணியையும் ஒன்றும் செய்வதில்லை. புள்ளி தானாக உதிரும் நாளில் புட்டிக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது.

மீன் சாப்பிடவே மாட்டேன் என்கிறது.

கடையிலேயே தின்னக் காட்டச் சொல்லி வாங்கியிருக்க வேண்டும். பரவாயில்லை. முதல் இரண்டு மூன்று நாள் விளக்கைக் குறைத்து, தொட்டியின் மூன்று பக்கமும் தாள் ஒட்டிவிடுங்கள். உயிருள்ள ஆர்ட்டீமியா (உப்புநீர்ச் சிற்றுயிரி) பெரும்பாலும் மசியவைக்கும். டாங் மீனுக்கு நோரி என்ற கடற்பாசித் தாளைக் கிளிப்பில் மாட்டி வையுங்கள். சந்தையில் வாங்கிய இறாலைப் பொடியாக நறுக்கிக் கொடுத்தாலும் பல மீன்கள் எடுக்கும். தின்னாத மீனுக்குக் காப்பரைத் தொடங்காதீர்கள், நோய் முற்றியிருந்தாலொழிய.

மின்வெட்டும் சென்னை வெயிலும்?

பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம். நீர் சூடாக ஆக ஆக்சிஜன் குறையும், ஒட்டுண்ணியின் சுற்று வேகமெடுக்கும். 27 டிகிரி செல்சியஸ் அளவில் வைக்கப் பாருங்கள். நீர்ப்பரப்பின்மேல் சின்ன மின்விசிறி ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆனால் ஆவியாதலும் கூடும். மார்க்கர் கோட்டைக் காலையும் மாலையும் பாருங்கள்.

கடல்குதிரை வாங்கினால் எத்தனை நாள் தனியே வைப்பது?

வாங்காதீர்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் கடல்குதிரை சேர்க்கப்பட்டது. பாறை கட்டும் பவளங்களும் அதே சட்டத்தின் பாதுகாப்பில்தான் உள்ளன, மன்னார் வளைகுடாவிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தாலும் கை நீட்ட வேண்டாம்.

நத்தை, இறால் போன்றவற்றுக்கும் தனித்தொட்டி வேண்டுமா?

அவற்றுக்கு இந்த நோய்கள் வராது. ஆனால் நத்தை ஓட்டிலும் பவளத்தின் அடிக்கல்லிலும் கூடுகள் ஒட்டி வரலாம். மீனே இல்லாத, காப்பரே படாத தொட்டியில் 76 நாள்.

பெரிய தொட்டியில் ஏற்கெனவே வெண்புள்ளி வந்துவிட்டது. இனி?

எல்லா மீனையும் பிடித்துத் தனித்தொட்டியில் காப்பர் கொடுக்க வேண்டும். ‘நோய் தெரிகிற மீனை மட்டும்’ என்பது கிடையாது. ஒரு மீன் மிஞ்சினாலும் ஒட்டுண்ணிக்கு அது போதும். பெரிய தொட்டி மீன் இல்லாமல் 76 நாள் காலியாக இருக்கட்டும். முன்பு சொன்ன 72 நாளோடு சில நாள் சேர்த்த கணக்கு அது. 27 டிகிரியில் ஆறு வாரமே போதும் என்பவர்களும் உண்டு, பெரும்பாலும் போதும்தான். பவளமும் நத்தையும் அங்கேயே இருக்கலாம், அவற்றுக்கு வழக்கமான உணவைக் கொடுத்துக்கொண்டிருங்கள். இரண்டு தொட்டிக்கும் ஒரே வலை, ஒரே கை என்று புழங்காதீர்கள். முழங்கை வரை ஈரமான கையோடு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போவது, மீனையே தூக்கிக்கொண்டு போவதைப் போலத்தான்.

எல்லாம் முடிந்தது. எப்போது மாற்றலாம், தனித்தொட்டியை என்ன செய்வது?

காப்பர் 30 நாள், புழு மருந்து இரண்டு முறை. அதன் பின் கார்பன் போட்டு நீர் மாற்றி மருந்தை வெளியேற்றி, மருந்தில்லாத நீரில் இரண்டு வாரம் கவனியுங்கள். அந்த இரண்டு வாரத்தைத்தான் எல்லோரும் விழுங்கிவிடுகிறார்கள். மருந்து நின்ற பிறகே அடங்கியிருந்தது தலைகாட்டும். மூச்சு சீராக, தோல் சுத்தமாக, மீன் பாய்ந்து தின்கிறது என்றால் வலையால் எடுத்து மாற்றுங்கள். தனித்தொட்டி நீர் ஒரு சொட்டும் பெரிய தொட்டிக்குள் வேண்டாம்.

தொட்டி, குழாய்கள், வலை, ஏர் ஸ்டோன் எல்லாவற்றையும் ப்ளீச் கலந்த நீரில் ஊறவைத்துக் கழுவி, முழுக்கக் காயவிடுங்கள். வெயிலில் இரண்டு மூன்று நாள் கிடந்தால் கூடுகள் உயிர்பிழைக்காது. ஸ்பாஞ்ச் காப்பரைக் குடித்திருக்கும். அதைச் சம்புக்குள் திரும்பப் போடாமல் தூக்கி எறிந்துவிட்டு, அடுத்த மீனுக்கான புது ஸ்பாஞ்சை அன்றைக்கே சம்பில் போட்டு வையுங்கள்.